புளிக்க வைத்த காயில்

இனிமேல் ஒரு காயிலுக்காக எவன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று ஒலி முகம்மது முடிவெடுத்தார். நாட்டுக்கே விடுதலை வாங்கித் தரப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எடுத்தார். எடுத்த இடம் மாடி பாத்ரூம் என்பதால் கைதட்ட ஆள் இல்லை. வாளியும் கோப்பையும்தான் இருந்தன.

அவர் கையில் இருந்தது சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் குப்பி. வேப் என்று சொல்கிறார்களே, அந்த பேட்டரிக் குழலுக்கு உயிர்நாடியே காயில் என்கிற இந்தக் குப்பிதான். உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதற்குள் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நிக்கோட்டின் மருந்தைக் குடிக்கும், கம்பி சூடாகும், வாயில் ஆவி வரும், ஒலி முகம்மதுக்கு உலகமே அழகாகத் தெரியும். இப்போது சுருள் கருகிப் போயிருந்தது. இழுத்தால் அடிப்பிடித்த பால் வாடை அடித்தது. உலகம் அசிங்கமாகத் தெரிந்தது.

ஒலி முகம்மது ஷார்ஜாவில் ஒரு அத்தர் கடையில் சூப்பர்வைசராக இருந்து, உழைத்தது போதும் என்று தென்காசிக்குத் திரும்பியவர். குத்துக்கல்வலசையில் சொந்த வீடு. கீழே ஹால், மேலே ஒரு அறை. அந்த மாடி அறைக்கு மலையைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. வருஷக்கணக்கில் எட்டுப் பேரோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு அவர் கனவு கண்டது அந்த ஜன்னலைத்தான். தனக்கென்று ஒரு கதவு, தனக்கென்று ஒரு தாழ்ப்பாள், உள்ளே ஒரு நாற்காலி. சாய்ந்தால் கால்மாடு தானாகத் தூக்கிக்கொள்ளும் நாற்காலி ஒன்றைக் கார்கோவில் போட்டு அவருக்கு முன்னாலேயே அனுப்பி வைத்துவிட்டார்.

ஆனால் வந்து இறங்கிய அன்றே பாஹிமா பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பாஹிமா அவர் மனைவி. ஹாலில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு நடத்துகிறவள்.

"மச்சான், மாடி ரூம் எனக்கு வேணும். அம்புட்டுப் பேரும் ஹாலுக்குள்ள முட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். ஒருத்தி ஊசி அடுத்தவ முழங்கையில குத்துது."

"அப்போ என் ஆஃபீஸ்?"

"என்ன ஆஃபீஸ்?"

"ஆஃபீஸ்னா ஆஃபீஸ்தான். ஆம்பளைன்னா ஒரு ஆஃபீஸ் வேணும்."

பாஹிமா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "சரி, ஒரு பேச்சு. சிகரெட்ட விட்டுட்டியன்னா ரூம் உங்களுக்கு. உங்க வாயில இருந்து ஒரே ஒரு தடவ புகை வந்து நான் பாத்தாலும் ரூம் எனக்கு. பொறவு பேச்சு மாறக் கூடாது."

"ஏட்டி, பேச்சு மாறுற ஆளா நான்?"

ஒலி முகம்மது உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். சிகரெட்டை அவர் ஷார்ஜாவிலேயே விட்டாயிற்று. இப்போது இருப்பது வேப். அதிலிருந்து வருவது புகை இல்லை, ஆவி. இட்லிக் கொப்பரையிலிருந்தும்தான் ஆவி வருகிறது, அதற்காகக் கொப்பரை சிகரெட் குடிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? வாதம் கோர்ட்டுக்கே போய் ஜெயிக்கக்கூடிய வாதம். அதைப் பாஹிமாவிடம் சொல்லிப் பார்க்கிற தைரியம்தான் வரவில்லை.

நம் நாட்டில் இந்தச் சாமானை விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டு வரவும் கூடாது. அவர் கொண்டு வந்திருந்தார். பால்பவுடர் டின்னுக்குள், பவுடருக்கு அடியில் புதைத்து. அந்தப் பவுடரில் போட்ட முதல் டீயில் புதினா வாடை அடித்தபோது, 'ஃபாரின் மாடு என்ன தின்னுதோ' என்று சொல்லிச் சமாளித்தார்.

சாரல் காலமும் கைகொடுத்தது. குற்றாலத்து மலையிலிருந்து மேகம் இறங்கி மொட்டைமாடி வரைக்கும் வந்து நிற்கும். ஒலி முகம்மது அதன் நடுவில் நின்று ஆவியை விடுவார். எது மேகம், எது ஒலி முகம்மது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பாதுகாப்பாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கையிருப்பில் இருந்த காயில் எல்லாம் கருகின. ஷார்ஜாவில் இருக்கும் சிநேகிதன் ரிஃபாத்துக்கு போன் போட்டார்.

"மச்சான், ஏர்போர்ட்ல பிடிச்சா என்னைய உள்ள வச்சிருவான்," என்றான் அவன். "ஈத்தம்பழம் வேணும்னா சொல்லு, அனுப்புதேன்."

பேரீச்சம்பழத்தை வைத்து ஆவி விட முடியாது. எனவேதான் பாத்ரூமில் அந்த மாபெரும் முடிவு. பழைய காயிலைப் பிரித்து, கம்பியும் பஞ்சும் மாற்றி, தானே சுற்றுவது. யூட்யூபில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பேசிக்கொண்டே சுற்றிக் காட்டினார். இதற்குப் போய் கம்பெனிக்காரனிடம் காசைக் கொட்டினோமே என்று ஒலி முகம்மதுக்கு வெட்கமாக இருந்தது.

கம்பிக்கு மேலகரத்தில் சுடலைமுத்துவின் கடைக்குப் போனார். சுடலைமுத்து எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர்.

"என்ன பாய், மோட்டார் போச்சா?"

"மோட்டார் இல்ல. காயில் சுத்தக் கொஞ்சம் கம்பி வேணும்."

"எத்தன ஹெச்.பி.?"

ஒலி முகம்மது சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.

"இத வச்சு என்ன, எறும்புப் புத்துக்குத் தண்ணி எறைக்கப் போறியளா?"

"பேரனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்."

"உங்க மகனுக்கே இன்னும் கல்யாணம் ஆகலியே பாய்!"

"வரப்போற பேரன். முன்கூட்டியே செஞ்சு வைக்கேன்."

சுடலைமுத்து ஒரு முழம் செம்புக்கம்பியை வெட்டிக் கொடுத்தார். அதைச் சுற்றிப் பொத்தானை அமுக்கியதும் வேப் சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கையிலேயே கொதிக்க ஆரம்பித்தது. ஒலி முகம்மது அதை ஜன்னல் திண்டில் எறிந்துவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தார். வெடிக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

மறுபடியும் மேலகரம்.

"சூடு வேணும்னா செம்பு ஆகாது பாய். அயர்ன் பாக்ஸுக்குள்ள இருக்குல்லா, அந்தக் கம்பி வேணும். ஆமா, பேரனுக்கு எதுக்குச் சூடு?"

"பொறக்கும்போது குளிர் காலம்," என்று சொல்லிவிட்டு ஒலி முகம்மது பைக்கை எடுத்தார்.

அன்று சாயங்காலம் கீழேயிருந்து குரல் வந்தது.

"மச்சான், அயர்ன் பாக்ஸ் எங்க?"

"சர்வீசுக்குக் குடுத்திருக்கேன்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லா இருக்கும்போதே குடுக்கணும். கெட்டுப்போன பொறவு எவன் வேணா குடுப்பான்."

"கல்யாண ப்ளவுஸ் தேய்க்கணும் மச்சான்!"

"அதான் சொல்லுதேன். கல்யாண ப்ளவுஸப் போயி சர்வீஸ் பண்ணாத பாக்ஸ்ல தேய்ப்பாவளா?"

பாஹிமா படியேறி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒலி முகம்மதின் சட்டைப்பையில் அயர்ன் பாக்ஸின் ஸ்க்ரூ இரண்டு கிலுகிலுத்தன. அவள் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

அடுத்தது பஞ்சு. வெள்ளைக்காரர் பஞ்சு என்றுதான் சொன்னார். பஞ்சு என்றால் தலையணையில் இருப்பது என்றுதான் ஒலி முகம்மதுக்குத் தெரியும். தலையணைத் தையலைப் பிரித்து ஒரு பிடி உருவினார். அது இலவம் பஞ்சு. அது மருந்தை ஒரு சொட்டு குடிக்காது. தீயென்றால் மட்டும் ஆசையாகக் குடிக்கும். பொத்தானை அமுக்கி ஒரு இழுப்பு இழுத்தார். நெஞ்சுக்குள் யாரோ சொக்கப்பனை கொளுத்தியது போல் இருந்தது. கண் தள்ளியது. இருமிய இருமலில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தது.

"மச்சான்! என்ன தீயுற வாட?"

"பக்கத்து வீட்டுல குப்பைய எரிக்கான்!"

"பக்கத்து வீடு பூட்டியில்லா கெடக்கு!"

"அதான... பூட்டிட்டு எரிக்கான்!"

"நீங்க ஏன் இருமுதிய?"

"அவன் சார்பா!" என்று சொன்னாரா, வேறு என்ன சொன்னாரோ, இருமலில் ஒன்றும் விளங்கவில்லை.

அவர் சுற்றிய சுருளைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிழிந்து விட்ட இடியாப்பம் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கருகிய பஞ்சு நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. வெறுத்துப்போய், மாடி அறை சிலாப்பில் இருக்கும் பால்பவுடர் டின்னுக்குள் அதைப் போட்டு மூடினார். மறுநாள் காலை முழுக்க சுடலைமுத்துவின் கடையில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மதியம் சோறு தின்று, தூங்கி எழுந்து, மனசு கேட்காமல் டின்னைத் திறந்தார்.

சுருள் வரிவரியாக, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நடுவில் பஞ்சு வெள்ளை வெளேரென்று பூப்போல உட்கார்ந்திருந்தது.

ஒலி முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். குழலில் மாட்டி, மருந்து விட்டு, பிஸ்மி சொல்லி இழுத்தார். அடடா! கம்பெனிக்காரனே வந்து காலில் விழ வேண்டும். அப்படி ஒரு ஆவி.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. இட்லி மாவை அரைத்த உடனே ஊற்றுகிறோமா? வைக்கிறோம். அது தானாகப் புளிக்கிறது, தானாகப் பொங்குகிறது. காயிலும் அப்படித்தான். சுற்றியவுடன் அமுக்கக் கூடாது. டின்னில் மூடி வைத்தால் கம்பி தானாக நெளிவு எடுத்துக்கொள்ளும், பஞ்சு தானாக வெளுக்கும். வெள்ளைக்காரனுக்கு இட்லி தெரியாது, அதனால் இந்த ரகசியம் தெரியவில்லை.

இப்படியும் ஒரு மனுஷன் நினைப்பானா என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் அவரைப் போல ஒரு நாள் முழுக்க ஆவியில்லாமல் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலை பசியாறியதும் கோணல்மாணலாக ஒரு காயில் சுற்றுவார். டின்னில் போடுவார். மேலகரம் போவார். சாயங்காலம் திறந்தால் காயில் புளித்துத் தயாராக இருக்கும். அவர் வண்டியை எடுக்கும்போது ஹாலில் பெண்கள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எதிர் வீட்டுக் காளீஸ்வரிதான் அவர்களில் மூத்தவள்.

"அண்ணாச்சி, கெளம்பியாச்சா?" என்று அவள் தினமும் கேட்பாள்.

"கெளம்பியாச்சும்மா."

"மாடி வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு தோளைக் குலுக்குவார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவருக்குக் கொடுக்கும் மரியாதை என்று ஒலி முகம்மது நினைத்துக்கொள்வார்.

"கம்பிக்கும் ஒரு மனசு இருக்கு சுடல," என்று அவர் கடையில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். "நாம சுத்தணும், ஆனா அவசரப்படுத்தக் கூடாது. மூடி வச்சிரணும். புளிக்கணும்."

"நானும் இத்தன வருசமா காயில் கட்டுதேன் பாய். ஒண்ணையும் புளிக்க வைக்கலியே!"

"அதான் நீ கட்டுன மோட்டாரெல்லாம் ஆறு மாசத்துல உங்கிட்டயே திரும்பி வருது."

சுடலைமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்று மாலை யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு ஃபேன் காயிலை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்துப் பார்த்தார் என்று கேள்வி.

இன்னொரு அதிசயமும் நடந்தது. மருந்துக் குப்பி குறையவே இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் மறுநாள் கழுத்துவரை நின்றது. பரக்கத், அல்லாஹ் தருகிற பெருக்கம் என்று ஒலி முகம்மது குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ருசியும் நாளுக்கு நாள் மாறியது. புதினா மங்கி ஏலக்காய் தலைகாட்டியது. பழுக்கும்போது மாம்பழத்துக்கு வாசம் மாறவில்லையா, அதுபோல மருந்தும் பழுக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் அவருக்குச் சிடுசிடுப்பு இல்லை. நன்றாகப் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து மலையைப் பார்க்கும்போது, பாஹிமாவின்மேல்கூட பாசம் பொங்கியது. பாவம், ஒன்றும் தெரியாதவள்.

ஒரு நாள் சாயங்காலம். மலை மறைந்து, வானம் மறைந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரே மறைகிற அளவுக்குச் சாரல். ஒலி முகம்மது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்று, வாழ்நாளிலேயே பெரிய ஆவி ஒன்றை விட்டார். வாயிலும் மூக்கிலுமாக வந்தது. அவரே உள்ளே மறைந்துபோனார்.

குற்றாலச் சாரலை நம்பக் கூடாது. அதே நொடியில் நின்றது. பளிச்சென்று வெயில் அடித்தது. மேகமெல்லாம் மலைக்கு ஓடிவிட்டது. ஒலி முகம்மதின் மேகம் மட்டும் மாடியில் தனியாக நின்றது. அது கலைந்தபோது எதிரே குடையோடு பாஹிமா.

"இது என்ன மச்சான்?"

"சாரல்."

"சாரல் ஏலக்கா வாட அடிக்குமா?"

"மேக்க கேரளாவுல ஏலத்தோட்டம்லா? அங்கன இருந்து வருது."

"வாயில இருந்து வந்துச்சே?"

ஒலி முகம்மது கோர்ட் வாதத்தை எடுத்தார். வேறு வழியில்லை. "பாஹிமா, இது புகை இல்ல. ஆவி. இட்லிக் கொப்பரையிலகூட..."

"புகை இல்லன்னு எனக்குத் தெரியும் மச்சான். நான்தான ஊத்துனேன்."

கொப்பரை பாதியில் நின்றது.

"தலகாணி மெலிஞ்ச அன்னைக்கே டின்ன தொறந்து பாத்துட்டேன். உங்க மருந்த அன்னைல இருந்து கொஞ்சங் கொஞ்சமா கொறச்சு, மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி ஏலக்கா எசன்ஸ் கலந்து ஊத்திக்கிட்டு வாரேன். இப்போ அந்தக் குப்பியில உங்க நிக்கோட்டின் ஒரு சொட்டு கெடையாது. அதையும் இந்த மாசத்தோட விட்டுருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு நீங்க ஷார்ஜாவுல இருந்து போன் பண்ணுன அன்னைக்கு நான் அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது."

ஒலி முகம்மதுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அவள் அழுததை நினைத்ததும் அது வடிந்தது. அதற்குப் பிறகு, திடீரென்று மூளை வேலை செய்தது.

"அப்போ நான் விட்டுட்டேன்! நீயே சொல்லுத, புகை இல்லன்னு. நிக்கோட்டினும் இல்ல. பேச்சுப்படி ரூம் எனக்கு!" துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

"ஆமா மச்சான். விட்டா ரூம்னுதான் சொன்னேன். ஆனா விட்டது நீங்களா, நானா?"

"அது..."

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியளா? அல்லாஹ் மேல ஆணையா சொல்லுங்க."

ஆணை என்று வந்துவிட்டால் ஒலி முகம்மதுக்குப் பொய் வராது. சுழன்றுகொண்டிருந்த துண்டு தோளில் வந்து விழுந்தது.

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்போ சாவி?"

கொடுத்தார். பேச்சு மாறுகிற ஆள் இல்லையே.

மறுநாள் காலை ஆரிச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் படியேறின. சாய்வு நாற்காலி மொட்டைமாடித் தகரக் கூரைக்கு அடியில் போய் நின்றது. மலை அங்கிருந்தும் தெரிந்தது. தாழ்ப்பாள்தான் இல்லை. ஒலி முகம்மது, எல்லாம் போனாலும் ஒன்றை எவராலும் பறிக்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கோ," என்றார் பாஹிமாவிடம். "மருந்து உன் வேலையா இருக்கட்டும். காயில் என் கைவேல. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

பாஹிமா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பினாள்.

"முடியாது மச்சான். அது உங்க கைதான்."

ஒலி முகம்மது நாற்காலியில் சாய்ந்தார். கால்மாடு தானாகத் தூக்கிக்கொண்டது. தோற்றாலும் கலைஞனாகத் தோற்ற பெருமை முகத்தில் மெல்லப் பரவியது. அப்போது காளீஸ்வரி பால்பவுடர் டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, டின்னு காலியா கெடக்கே. நீங்க குடிக்காட்டாலும் பரவால்ல, காலைல ஒண்ணு சுத்திப் போட்டுருங்க. புதுசா சேருத பிள்ளையளுக்கு மொத பாடமே அதப் பிரிச்சு நேராச் சுத்துததுதான், அம்புட்டுக் கோணலாச் சுத்த எங்க யாருக்கும் வரமாட்டேங்கு!"